ஏசி ரூம் கதவு இடுக்க அடைச்சா மூச்சு முட்டுமா?

"ஏசி கதவிடுக்கு வழியாதான் வெளிக்காத்த இழுக்குது, அத அடைச்சா ராத்திரி ஆக்சிஜன் தீந்துடும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, எங்க சித்தப்பாவே ஃபேமிலி குரூப்ல போட்டுட்டாரு. தப்புங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த இழுக்கவே இழுக்காது, ரூம்ல இருக்குற அதே காத்ததான் திரும்பத் திரும்ப குளிராக்குது, வெளி யூனிட்டுக்குப் போற காப்பர் பைப்புல ஓடுறது ஏசி கேஸ்னு நாம சொல்ற குளிரூட்டுற பொருள் மட்டும்தான், காத்து இல்ல.

கணக்கு பாருங்க, 10-க்கு 10 ரூம், 10 அடி உயரம்னா சுமார் 28,000 லிட்டர் காத்து, அதுல ஆக்சிஜன் மட்டும் 5,900 லிட்டர் கிட்ட வரும், ஒருத்தர் 8 மணி நேரம் தூங்க 200 லிட்டர்கூட ஆகாது. ரப்பர் பட்டி ஒட்டுனதும் ரூம் என்ன ஊறுகா பாட்டிலா, ஜன்னல் ஓரமெல்லாம் கொஞ்சம் கசிஞ்சிட்டேதான் இருக்கும். நாலு பேர் படுத்தா நாம விடுற கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலை பாரமா இருக்கலாம், கதவ கொஞ்ச நேரம் தொறந்து வெச்சா சரியாயிடும்.

ஏசிய ஆஃப் பண்ணிட்டு கதவடியில ஒரு ஊதுபத்திய காட்டுங்க, புகை வளைஞ்சா அங்க ஓட்டை. சென்னை மாதிரி ஊர்ல அது வழியா ஈரக்காத்து உள்ள வரும், அந்த ஈரத்த இறக்கவே ஏசி கரண்ட குடிக்கும்.

பயப்பட வேண்டியது வேற: கேஸ் கீசர் இருக்குற பாத்ரூம் வென்டிலேட்டர மட்டும் அடைச்சிடாதீங்க, கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனைகூட வராது. மூடுன ரூம்ல கரி அடுப்பும் கூடவே கூடாது.