தானே குழாய் விட்டால் கிட்னி கெடுமா?

‘தானே குழாய் விட்டு மூத்திரம் எடுத்தால் கிட்னி போய்விடும், பையோடு நிரந்தரக் குழாய் வைத்துக்கொள்வதே பத்திரம்’ என்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. தவறு. நடப்பது நேர் எதிர்.

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும், சர்க்கரையால் நரம்பு கெட்ட சிலருக்கும் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் ஏறினால் சிறுநீர் மேலே கிட்னிக்கே திரும்பும். கிட்னியைக் கெடுப்பது அதுதான். சிறுநீர்ப் பாதை வழியே தானே மெல்லிய குழாயை விட்டு, சிறுநீர் வடிந்ததும் வெளியே எடுத்துவிடுவது அந்த அழுத்தத்தை இறக்கிவிடுகிறது. ஆபரேஷன் தியேட்டர் அளவுச் சுத்தம் கட்டாயமில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு நேரம் தவறாமல் எடுப்பதே முக்கியம் என்று அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972லேயே எழுதிவிட்டார்.

பெரியவர்கள் பொதுவாக நாளுக்கு 4 முதல் 6 முறை இப்படி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேர விடக்கூடாது. தொற்று அதிகம் வருவது நிரந்தரக் குழாயில்தான். கை ஒத்துழைக்காதவர்களுக்கு அது தேவைப்படலாம், அது வேறு விஷயம்.

சரி, ஆடியோவில் உண்மையே இல்லையா? கொஞ்சம் உண்டு. தானே குழாய் விடுவதிலும் தொற்று வரலாம். முரட்டுத்தனமாகத் தள்ளினால் பாதையில் காயமாகும். அதனால்தான் நர்ஸ் பக்கத்தில் நின்று பழக்குகிறார். கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பவர்களும் உண்டு. அந்த வேலை வேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத ரத்தம், அல்லது குழாய் உள்ளே போகவே இல்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.