ஒக்குராவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

திருகோணமலையின் பழைய வீடுகளை இடித்து ஹோட்டல் கட்டுவதைப் பற்றிப் புலம்பினேன். கட்டட ஒப்பந்தக்காரரான நண்பர் ஒருவர் டோக்கியோவின் ஹோட்டல் ஒக்குராவைச் சாட்சிக்கு இழுத்தார். ஜப்பான்காரர்களே இடித்துவிட்டுப் பழையபடி கட்டினார்களாம், நமக்கு மட்டும் என்ன என்கிறார். பாதிக் கதையைச் சொல்லி வழக்கை வெல்லப் பார்க்கிறார்.

மீதிக் கதையையும் கேளுங்கள். டோக்கியோவில் 1923இல் திறந்த இம்பீரியல் ஹோட்டலை வடிவமைத்தவர் அமெரிக்கரான பிராங்க் லாயிட் ரைட். அதன் தலைவராக இருந்த கிஷிச்சிரோ ஒக்குரா, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஹோட்டலை இழந்தார். மனிதர் சும்மா இருக்கவில்லை. ஜப்பானிய அழகு பேசும் ஹோட்டல் ஒன்றைத் தானே எழுப்பினார். 1962இல் ஒக்குரா திறந்தது.

அங்கே பகோடாக் கூரை வைத்து ஊரை ஏமாற்றவில்லை. கட்டடக் கலைஞர் யோஷிரோ தனிகுச்சி அமைத்த வரவேற்புக் கூடத்தில் வட்ட மேசைகளைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மேசையும் இதழ் விரித்த பிளம் பூவாகத் தெரியும். பண்டைய அணிமணிகளின் வடிவில் விளக்குகள் சரம் சரமாகத் தொங்கின. வெளிச்சம் காகிதத் திரைகளில் வடிந்து உள்ளே வந்தது. அலங்காரம் குறைவு, அளவு பிசகாத அடக்கம்தான் அதிகம்.

2015இல் அதை இடித்தார்கள். வெளிநாடுகளிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது, பலிக்கவில்லை. 2019இல் 41 மாடிக் கோபுரம் எழுந்தது. அதற்குள் பழைய கூடத்தைத் திரும்ப அமைத்தவர் யோஷிரோவின் மகன் யோஷியோ தனிகுச்சி. சுவரை அலங்கரிக்கும் கியோட்டோவின் நிஷிஜின் பட்டுத் துணியை மறுபடி நெய்யத் தறியும் இருந்தது, நெசவாளரும் இருந்தார்கள்.

நம்மிடம் யார் இருக்கிறார்கள்? ஒரு நாற்சார் வீட்டைத் தரைமட்டமாக்கினால் முற்றத்தை நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரையை, மழைநீர் இறங்கும் பீலியை, சுட்டெரிக்கும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் உட்காரக்கூடிய விறாந்தையைத் திரும்பக் கட்டித் தருவது யார்? கூரை ஓட்டைத் தாங்கும் பனஞ்சலாகை சீவத் தெரிந்த தச்சரைத் தேடிப் பாருங்கள், தெரியும். அந்த இடத்தில் எழுவதோ நீலக் கண்ணாடியும் அலுமினியத் தகடும். உப்புக் காற்று பட்டு ஆணிகள் துருவேறி, வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடுகள் வழிகின்றன. கடலுக்கு எதிரே கட்டிவிட்டு, திறக்கவே முடியாத ஜன்னல் வைப்பது என்ன புத்தி? இதற்கு மேல் வாசலில் பாலித் தீவுச் சிலை வேறு.

இடிக்கவே கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. அனுமதி கொடுக்கும் முன் வீட்டை அளந்து வரைபடம் எடுக்கச் சொல்லலாம். கதவு, நிலை, சலாகையை விறகுக்கு விற்காமல் புதுக் கட்டடத்தில் பொருத்தச் சொல்லலாம். செலவு கூடும் என்கிறார் நண்பர். கூடத்தான் செய்யும். "பாரம்பரியச் சூழல்" என்று விளம்பரம் போட்டு அறை வாடகையை ஏற்றும்போது மட்டும் அந்தக் கணக்கு யாருக்கும் இடிப்பதில்லை.