‘போல’வுக்குக் கீழே கோடு கீறினால் அணி தெரிந்துவிடுமா?

பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளின் தமிழ்க் கொப்பியைத் திறந்து பாருங்கள். செய்யுளில் ‘போல’, ‘அன்ன’, ‘ஒப்ப’ எங்கே வந்தாலும் கீழே கோடு கீறி, ஓரத்தில் ‘உவமை’ என்று எழுதியிருக்கும். ஒப்பைக் காட்டுகிற இந்தச் சொல், அதாவது உருபு, இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் நாங்கள் அப்படித்தான் கொடுத்து அனுப்புகிறோம். சோதனைக்கு முதல் நாள் பாடமாக்க வசதியாக இருக்கும், ஆனால் பிழை. தமிழ் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மழை வரும் போல கிடக்கு” என்று அம்மம்மா வானத்தைப் பார்த்துச் சொல்கிறா. எதை எதோடு ஒப்பிட்டா? ஒன்றையும் இல்லை. அது வெறும் ஊகம். ‘போல’ வந்ததெல்லாம் உவமை இல்லை என்று விளங்கப்படுத்த இந்த ஒரு வசனம் போதும்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதிலின் நெடுங்கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ அசைகின்றன. இங்கேயும் ‘போல்’ இருக்கிறது. கோடு கீறிப் பழகிய பிள்ளை உடனே உவமை என்று எழுதும். காற்றுக்கு அசைவது கொடியின் இயல்பு. ‘வராதீங்கோ’ என்று தடுப்பது, புலவர் தன் மனதில் இருந்ததை அதன்மேல் ஏற்றியது. அதனால்தான் தற்குறிப்பேற்றம். அந்த ஊருக்குள் கோவலனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு வாசிக்கிற பிள்ளைக்கு இந்த இடத்தில் நெஞ்சு ஒருக்காப் பதறவேண்டும். பதறாமல், அணியின் பேரை மட்டும் எழுதிப் புள்ளி வாங்கிக்கொண்டு போகிறதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.’ தேடிப் பாருங்கள், உருபே இல்லை. ஆனாலும் உவமைதான், எடுத்துக்காட்டு உவமை. இரண்டு வசனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சேர்க்கிற வேலையை வள்ளுவர் எங்களிடம் விட்டுவிடுகிறார்.

அப்ப எதைத்தான் தேடுவது? தொல்காப்பியர் உவமவியலில் சொல்லி வைத்திருக்கிறார்: ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்.’ செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவத்தால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா என்ற கேள்விதான் அது. புலியன்ன மறவன் என்றால் பாய்ச்சல், மாரியன்ன வண்கை என்றால் கொடை, துடியன்ன இடை என்றால் வடிவம், பொன்மேனி என்றால் நிறம். கடைசியில் உருபு மறைந்து நிற்பதையும் பாருங்கள். (அந்த உவமவியல் அடங்கிய பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?)

வீட்டுப் பேச்சுக்கு வருவோம். “பெடியன் பனை மாதிரி வளர்ந்திட்டான்” என்றால் உயரம். “எங்கட அப்பா ஒரு பனைமரம்” என்று ஒரு மகள் சொன்னால் அங்கே உயரம் பேச்சே இல்லை. ஓலை, கிழங்கு, ஒடியல், பனாட்டு என்று கடைசிவரை கொடுத்துக்கொண்டே நிற்கிற பயன். இரண்டிலும் பனைதான். முதலாவதில் பெடியன் வேறு, பனை வேறாக நிற்கிறார்கள், அது உவமை. இரண்டாவதில் அப்பாவே பனை ஆகிவிட்டார், அது உருவகம். பேரை விடவும், பனையின் எந்தக் குணத்தை எடுத்தார்கள் என்று பிள்ளை சொல்லவேண்டும். அதைச் சொன்னால் எனக்குக் காணும்.

ஒன்றின் பேர் அதோடு தொடர்பான இன்னொன்றுக்கு ஆகிவருகிற ஆகுபெயரை நாங்கள் இலக்கணப் பாடத்திலும் அணியை இலக்கியப் பாடத்திலும் வைத்துப் பிரித்துவிட்டோம். இரண்டிலும் சொல் தன் நேர்ப்பொருளை விட்டு விலகி நிற்கிறது என்று பிள்ளைக்கு ஒருவரும் சொல்வதில்லை. உருவகம் ஒப்புமையால் விலகும், ஆகுபெயர் தொடர்பால் விலகும், வித்தியாசம் அவ்வளவுதான். “நல்லூர் முடியட்டும், பிறகு பாப்பம்” என்று இங்கே யார் சொல்லாமல் இருக்கிறோம்? ஊர் எப்படி முடியும்? முடிவது திருவிழா. “தேர் அண்டு யாழ்ப்பாணமே அங்கதான் நிண்டது” என்றால் யாழ்ப்பாணம் என்பது சனம், ‘யாழ்ப்பாணமே’ என்பது உயர்வு நவிற்சி, கூட்டிப் பெருப்பித்துச் சொல்வது. ஒரே வசனத்துக்குள் இரண்டு.

புகழ்வதுபோலப் பழிக்கிற வஞ்சப்புகழ்ச்சியைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்து மணிக்கு எழும்பி வாற மகனைப் பார்த்து “துரை இப்பதான் எழும்பினவரோ?” என்று அம்மா கேட்டால், அவன் தன்னைப் புகழ்கிறா என்று நினைப்பானா? ‘தேவர் அனையர் கயவர்’ (கயவர் தேவரைப் போன்றவர்) என்ற குறளும் அதே தொனிதான். ‘அனையர்’ என்று உருபு வேறு நிற்கிறது, கோடு கீறுகிற பிள்ளை அங்கேயும் விழும்.

சோதனையை விடப் பெரிய காரணம் ஒன்றுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். போர் முடிந்த கையோடு இங்கே வந்த அரசாங்கத் திட்டத்துக்கு ‘வடக்கின் வசந்தம்’ என்று பேர் வைத்தார்கள். வசந்தத்தின் எந்தக் குணம் எடுக்கப்பட்டது? பூக்கும், துளிர்க்கும், சரி. கூடவே இன்னொன்றும் வருகிறது. வசந்தம் தானாக வருவது, அதற்கு முன்னே இருந்ததும் தானாக வந்து போன ஒரு பருவம். அப்படியென்றால் நடந்ததற்கு ஆரும் பொறுப்பில்லை. திட்டத்தில் போட்ட றோட்டும் பாலமும் நல்லதா கூடாதா என்பது வேறு கதை, அந்த உருவகம் எங்கள் தலைக்குள் என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. பதினாறு வயதில் ஒரு பிள்ளை இதைக் கேட்கப் பழகினால், மேடைப் பேச்சையும் விளம்பரத்தையும் வேறு கண்ணால் பார்க்கும்.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அமைகிற அணிகள் (பொருளணி) 35 என்று கணக்குச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு 35உம் வேண்டாம். ஏழெட்டுப் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ‘எந்தக் குணம், ஏன் இந்த இடத்தில்’ என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். புள்ளியையும் அந்த இரண்டு வரிக்கே கொடுங்கள்.

ஓ.எல் எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கோ: “அவையின்ர வீட்டில ரெண்டு நாளா அடுப்பு எரியேல்லை.” அடுப்பைப் பற்றியா சொல்கிறார்கள்? பிள்ளை என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கோ, நான் எல்லாவற்றையும் வாசிப்பன்.