திராவிடோசாரஸ் எலும்புகளை முதலில் வெளியே எடுங்கள்

"தமிழ்நாட்டின் சொந்த டைனோசர்" என்று திராவிடோசாரஸின் படம் ஒன்று இந்த வாரம் எங்கள் சேலம் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதுகெல்லாம் தகடு, வாலில் முள். வகுப்பில் ஒரு பையன், "சார், ஏற்காட்டுல தோண்டுனா கிடைக்குமா?" என்று கேட்டான்.

கிடைக்காது கண்ணு. கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறையை உற்றுப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம், உடைந்த இடத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கு. அது சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியாழத்தில் வெந்து இறுகியது. எலும்புள்ள உயிரே அப்போது இல்லை.

தேட வேண்டிய இடம் அரியலூர். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் திராவிடோசாரஸை ஸ்டெகோசார் வகை, அதாவது முதுகில் தகடு வரிசை கொண்ட டைனோசர் என்று விவரித்தார்கள். முழு எலும்புக்கூடு அல்ல. மண்டையோட்டில் ஒரு பகுதி, பல், இடுப்பெலும்பு, சில தகடுகள். அவை இருந்ததோ கடலில் படிந்த பாறை, வயது எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல். மற்ற நாடுகளில் ஸ்டெகோசார்கள் அதற்கு வெகு முன்பே பூண்டோடு அற்றுவிட்டன. அதனால்தான் இது அவ்வளவு பெரிய செய்தி; சந்தேகம் வந்ததும் அதனால்தான். 1996-ல் சட்டர்ஜி, ருத்ரா என்ற வேறு இரு ஆய்வாளர்கள் இது பிளீசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வன என்றார்கள். மண்டையோடும் தகடும் அதற்குப் பொருந்தவில்லை என்று பின்னால் வந்த சிலர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் நிலுவையில்.

இத்தனை ஆண்டுகள் இழுக்க வேண்டிய வழக்கா இது? எலும்புகள் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பைச் சேர்ந்தவை. அவற்றை எடுத்து சிடி ஸ்கேன் செய்து, முப்பரிமாணப் படங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். கடல் ஊர்வன என்றே முடிவானாலும் எனக்கு வருத்தமில்லை. சந்தேகத்தை மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் பெருமை மட்டும் பேசுவதுதான் பொறுக்கவில்லை.

இன்னொரு பக்கம் அரியலூரில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுவது நிற்கவே இல்லை. நம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் 2009-ல் செந்துறை அருகே டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக அறிவித்த மண் அது. ஒவ்வொரு சுரங்கத்திலும் வெட்டும்போதே பார்க்க ஒரு புதைபடிவ ஆய்வாளர் இருக்க வேண்டும். அதைச் சட்டமாகவே கேட்கிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று. அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு தீம் பார்க் வேண்டாம், பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்துக்கும் அரியலூர் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பி வையுங்கள். வழியில் வித்தியாசமாக எதைக் கண்டாலும் பையில் போட்டுக்கொண்டு வராமல், இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து அருங்காட்சியகத்தில் சொல்லச் சொல்லுங்கள்.