வெல்டிங்னா அவ்ளோ இளக்காரமா?

நேத்து நம்ம தமிழாளுங்க குரூப்ல, ஸ்கூல் பசங்களுக்கு காலேஜ்ல வெல்டிங் சொல்லித்தர்றதை பத்தி ஒரு அண்ணன் எழுதினதை பாத்திருப்பீங்க. "நம்ம டாக்ஸ் பணத்துல வெல்டிங் கத்துக்குடுக்குறானுங்க, இதுக்கா டெக்சாஸ் வந்தோம்"னு போட்டு கீழ ரெண்டு சிரிப்பு பொம்மை வேற. தம்ஸ்அப் போட்டதுல நாலு பேர் இந்த வருஷம் எங்க வீட்டு பொங்கல் சாப்ட்டவங்க.

சரிங்கண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க பொண்ணு ஹைஸ்கூல்ல இருந்துகிட்டே கம்யூனிட்டி காலேஜ்ல (அதான், உள்ளூர் அரசு காலேஜ்) யுஎஸ் ஹிஸ்டரி, இங்கிலீஷ் ரெண்டும் டூயல் கிரெடிட்டா, அதாவது ஒரே பாடம் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் கணக்காகுற மாதிரி, முடிச்சதுக்கு "ஃபீஸ் எவ்ளோ மிச்சம் பாருங்க"ன்னு ஸ்டேட்டஸ் போட்டீங்கல்ல? அதுக்கும் காலேஜுக்கு ஸ்டேட் காசு போகுது, என் பையன் அதே மாதிரி ஸ்கூல்ல இருந்துகிட்டே படிக்கிற வெல்டிங்குக்கும் அதே காசுதான் போகுது. ஹிஸ்டரி படிச்சா முதலீடு, வெல்டிங் படிச்சா தண்டச்செலவா?

2023ல ஹவுஸ் பில் 8ங்கிற டெக்சாஸ் சட்டம் வந்ததுக்கப்புறம் இங்க கம்யூனிட்டி காலேஜுக்கு போற ஸ்டேட் பணத்துல பெரும்பகுதி, பசங்க என்ன முடிச்சாங்கன்னு பாத்துதான். ஸ்கூல் புள்ள டூயல் கிரெடிட்ல 15 கிரெடிட் முடிச்சா அதுக்கும் கணக்கு உண்டு, பாடப்படிப்பானாலும் சரி தொழில்படிப்பானாலும் சரி. சட்டமே பாக்காத வித்தியாசத்தை நம்மாளுங்க பாக்குறாங்க.

அதே பில்லுல வந்த ஃபாஸ்ட்ங்கிற உதவித் திட்டத்துல, ஸ்கூல்ல இலவசமாவோ கொறஞ்ச விலைலயோ மதிய சாப்பாட்டுக்கு தகுதி இருக்குற புள்ளைங்களுக்கு, திட்டத்துல சேந்த காலேஜ்ல டூயல் கிரெடிட் ஃப்ரீ. எங்களுக்கு அது கிடையாது, காசு கட்டித்தான் அனுப்புறோம், இதையும் சொல்லிடுறேன் இல்லாட்டி "ஓசி"ன்னு ஆரம்பிப்பீங்க. வெல்டிங் கிளாஸ்ல என் பையனுக்கு பக்கத்து தடுப்புல நிக்கிறவனுக்கு ஃப்ரீ. காலேஜ் பசங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு குடுக்குற பெல் கிராண்ட் உதவிப்பணம் ஸ்கூல் படிக்கிறவங்களுக்கு கிடையாது, ஸ்டேட்டும் கைய விரிச்சா அவன் எங்க போவான்?

"ஏழை புள்ளைங்களை தொழிலுக்குன்னு ஒதுக்கி தள்ளிடுவாங்க"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தார். நியாயமான கவலைதான், இல்லங்கல. ஆனா தன் பையனை அந்த கிளாஸ் பக்கமே விடாதவருக்கு வர்ற கவலைங்கிறப்பதான் கொஞ்சம் இடிக்குது.

ஆகஸ்ட்ல ஏசி நின்னப்ப "யாராவது டெக்னீசியன் நம்பர் குடுங்க ப்ளீஸ், குழந்தை தூங்கல"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு கெஞ்சினதும் இதே அண்ணன்தான். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. போடல.

எங்கப்பா கோயம்புத்தூர் கணபதில ஒரு சின்ன பட்டறைல லேத், வெல்டிங் ரெண்டும் பாத்தவர். மண்ணெண்ணெய்ல கைய கழுவி பனியன் வேஸ்ட்டுல எவ்ளோ தொடச்சாலும் நகத்துக்குள்ள கருப்பு போகாது. என் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வந்தவர் கடைசி வரைக்கும் கைய பேண்ட் பாக்கெட்லயே வெச்சிருந்தார். நானும் அவரை ஃப்ரெண்ட்ஸ் கிட்ட கூட்டிட்டு போகல. இதை எழுதணும்னு உக்காரல, வந்துருச்சு.

போன வாரம் பையன் தான் வெல்ட் பண்ண பிளேட்டை வீடியோ கால்ல தாத்தாகிட்ட காட்டினான். மீன் செதில் அடுக்குன மாதிரி இருந்துச்சு, எனக்கு பெருமை தாங்கல. அப்பா கண்ணாடி மாட்டி ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஓரத்துல தின்னிருக்குது பாரு கண்ணு, கரண்ட்டை கொஞ்சம் கொறச்சு வெய்யி"ன்னார். "அண்டர்கட் தாத்தா, எங்க சாரும் அதான் சொன்னார்"ங்கிறான் இவன். எப்பவும் "சாப்டியா"வோட முடியுற கால், அன்னிக்கு நாப்பது நிமிஷம் ஓடுச்சு.