பதினான்காம் வசனத்தையும் அச்சடியுங்கள்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை (ஒரு வேத வசனம் அச்சடித்தது) எடுக்கும் பழக்கம் எங்கள் சபையில் உண்டு. போன வருஷம் என் கைக்கு வந்தது வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தின் 49ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். "நான் உன்னை மறப்பதில்லை." பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. அம்மாதான் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

ஜூலையில் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் வீடு கொள்ளாத கூட்டம். அப்புறம் ஃபோன்கூட வரவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, அவரவர்க்கு அவரவர் பாடு. ஆனால் ராத்திரி தண்ணீர் எடுக்கப் போனால் அந்த ரோஜாப்பூ அட்டை கண்ணில் படும். மறப்பதில்லையாம்! ஒருநாள் கோபத்தில் அதைத் திருப்பி வைத்தேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர் "ஆண்டவர் சோதிக்கிறார்" என்றார்கள். மீதிப் பேர் "முறுமுறுக்கக் கூடாது" என்றார்கள். இந்த இரண்டாவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி அது. அவரிடம் போய் யாரும் முறுமுறுக்காதே என்று சொல்ல முடியுமா?

பிறகு ஒருநாள் ஏசாயாவைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்தேன். அட்டையில் இருப்பது 15ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில் சீயோன், அதாவது எருசலேம் நகரம், ஒரு பெண்ணைப்போலப் புலம்புகிறாள்: "கர்த்தர் என்னைக் கைவிட்டார், ஆண்டவர் என்னை மறந்தார்." எருசலேம் இடிந்து, ஜனங்கள் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட காலத்து வேதனை அது. "தாய் தன் பாலகனை மறப்பாளோ? அவள் மறந்தாலும் நான் மறப்பதில்லை" என்பது அந்தப் புலம்பலுக்குக் கிடைத்த பதில். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் ரோஜாப்பூவோடு அச்சடித்துக் கொடுத்தால், கேள்வியோடு நிற்கிறவன் என்ன செய்வான்? தனக்குத்தான் விசுவாசம் இல்லை போல என்று நினைத்துக்கொள்வான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

எலியா தீர்க்கதரிசியும் இப்படித்தான். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை, இரண்டாம் தடவையும் வந்து எழுப்புகிறான். (நம்ம தமிழ் வேதாகமத்தில் 'அடை' என்றே இருக்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா, "தொட்டுக்க என்ன வச்சாராம்?" என்று கேட்பாள்.)

எனக்கு வந்தது கஞ்சி. எதிர்வீட்டுப் பெரியம்மா. கோயிலுக்கு எங்களோடு வருகிறவர் இல்லை. செவ்வாய், வெள்ளி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். சாயங்காலம் தூக்குவாளியும் தேங்காய்த் துவையலுமாக வருவார். "குடிச்சிட்டு வாளியைக் கழுவி வை" என்பார், அவ்வளவுதான் பேச்சு. மூன்று வாரம் அப்படி வந்தார். தூது அனுப்புகிறவர் ஆளின் மதம் பார்ப்பதில்லை என்றே நான் நம்புகிறேன். வேண்டுமானால் கமெண்டில் சண்டைக்கு வாருங்கள்.

அம்மா இல்லாத வீடு அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் அட்டையை மறுபடி நேராகத் திருப்பி வைத்தேன். ரோஜாப்பூவுக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அங்கே 14ஆம் வசனத்தை எழுதினேன். வழவழப்பான அட்டை, மை சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.