அவர் ஓட வேண்டிய ஆள் இல்லை

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' 1974 படத்தைப் பாருங்கள் என்றதற்கு, "உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க, தூக்கம் வருது, 2017 படம்தான் படம்" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்கு அத்தனை சிரிப்புக் குறிகள். ராத்திரி முழுக்க மனசைக் குடைந்தது.

தம்பி, அந்தக் கதையே உட்கார்ந்து பேசுவதுதான். பனியில் ரயில் நின்றுவிட்டது. போலீஸ் வர வழியில்லை. உள்ளே ஒரு பிணம். துப்பறிய வந்த புவாரோவுக்குக் கிடைப்பது எதிரே வந்து உட்காருகிறவரின் பேச்சுதான். யார் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதே கதையை மறுபடி எடுத்த 2017 படத்தில் செய்த மாதிரி அவரைப் பாலத்துக் கட்டைகளில் துரத்தி ஓடவிட்டு, குண்டடியும் பட வைத்தால் அவர் வேறு யாரோ. மீசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.

பேச்சு சினிமா ஆகாதாம். 1974 படத்தை எடுத்த சிட்னி லூமெட்தான் 1957-ல் '12 ஆங்ரி மென்' எடுத்தவர். ஒரு அறை, பன்னிரண்டு பேர், பேச்சு. அது சினிமா இல்லையா?

2017 படம் 35 கோடி டாலருக்கு மேல் வசூல் என்கிறீர்கள். இருக்கட்டும். நான் வசூலைப் பற்றிப் பேசவில்லை.

1974 படத்தில் நடிகை இங்க்ரிட் பெர்க்மனுக்கு இளவரசி வேடம் கொடுக்க நினைத்தார் லூமெட். அவரோ சின்ன வேடமான சுவீடன் நாட்டு மிஷனரியைக் கேட்டு வாங்கினார். விசாரணைக் காட்சியில் நாலு நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் கேமரா அவர் முகத்தைவிட்டு நகராது. ஆஸ்கர் கிடைத்தது.

அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதம் இதைச் சேர்ந்து பார்த்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இருடி, அந்தப் பொம்பள முகத்தைப் பாக்கவிடு" என்றாள். காட்சி முடிந்ததும், "பாவம், மனசுல என்னத்தையோ வச்சுக்கிட்டுத் தவிக்குது" என்றாள். ஒரு வார்த்தை புரியாமல்!

அம்மா எங்கள் எல்லார் பேச்சையும் அப்படித்தான் கேட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் நாங்கள் போனை எடுத்துவிடுவோம். நானும்தான். அதனால்தான் நேற்று அந்தச் சிரிப்புக் குறிகளைத் தாங்க முடியவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு தம்பி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த நாலு நிமிடத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.